காயமும் கொழுப்பும்



பால்மரம் சீவும்போது கத்தி விரலில் பட்டுவிடுகிறது. சற்று நேரத்தில் அவ்விடம் சிவந்து, சூடேறி, வீங்கி, விண்விண்ணென்று தெறிக்கிறது. "விஷம் ஏறிவிட்டது" என்பார்கள் நம் பாட்டிமார். உண்மையில் அந்த வீக்கத்தை உண்டாக்குவது நம் உடம்பேதான். அதற்கு அது எடுத்துக்கொள்ளும் பொருள்களுள் ஒன்று கொழுப்பு!

கொழுப்பு என்றதும் ஆட்டிறைச்சியில் தெரியும் வெள்ளைக் கட்டிதான் நினைவுக்கு வரும். ஆனால் நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவையும் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்விலும் கொழுப்புப் பொருள் இருக்கிறது. காயம் பட்டதும் அதிலிருந்து அரக்கிடோனிக் அமிலம் பிரிந்து, புரோஸ்டகிளாண்டின் என்னும் பொருள்களாக மாறுகிறது. இரத்தக் குழாய்களை விரியச் செய்வதும் வலியைக் கூட்டுவதும் இவையே. ஆஸ்பிரின் இவை உருவாவதைத் தடுத்துத்தான் வலியைக் குறைக்கிறது. இதை 1971-இல் ஜான் வேன் என்ற பிரிட்டிஷ் அறிஞர் கண்டுபிடித்தார். 1982-இல் அவரும் சுவீடன் நாட்டு அறிஞர் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

அப்படியானால் இந்தப் பொருள் நமக்குக் கெடுதல்தானா? அவசரப்பட வேண்டாம். விதைநெல்லைத் தனியே எடுத்து வைப்பதுபோல், உடல் தன் தசைகளிலும் எலும்பு மச்சையிலும் மூல உயிரணுக்களைச் சேமித்து வைத்திருக்கிறது. புதிய உயிரணுக்கள் அவற்றிலிருந்தே தோன்றுகின்றன. தசை காயமுற்ற எலிகளை வைத்து 2017-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, அந்த விதைநெல்லை முளைக்கத் தூண்டுவதும் ஒரு புரோஸ்டகிளாண்டினே என்று காட்டியது. அதைத் தடுத்தபோது தசை சரிவரத் தேறவில்லை. எலிக்குக் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்திவிடாதுதான். ஆயினும் வீக்கமும் சீரமைப்பும் ஒரே வேலையின் இரு பகுதிகள் என்பது விளங்குகிறது அல்லவா?

வயிற்றின் உட்சுவரைக் காப்பதும் இதே புரோஸ்டகிளாண்டின்தான். நானே ஒருமுறை பல்வலிக்கு வெறும் வயிற்றில் ஆஸ்பிரினை விழுங்கிவிட்டு, வகுப்பில் நிற்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தவித்தேன். இரத்தம் உறைய உதவும் பொருளொன்றும் அதே அரக்கிடோனிக் அமிலத்திலிருந்தே பிறக்கிறது. ஆகவே டிங்கிக் காய்ச்சலோ என்ற ஐயம் இருந்தால் ஆஸ்பிரின், இபுபுரூபன் இரண்டையும் தொடாதீர்கள்; இரத்தக் கசிவு மோசமாகக்கூடும். பாராசிட்டமாலை உரிய அளவில் கொடுத்து, கிளினிக்கில் இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள்.

வேலை முடிந்ததும் வீக்கத்தை வடியச் செய்வதிலும் கொழுப்புக்குப் பங்குண்டு. கெம்போங் போன்ற மீன்களிலுள்ள கொழுப்பிலிருந்து உடல் அதற்கான பொருள்களைத் தயாரிக்கிறது. ஆனால் காயத்தில் சீழ் பிடித்து, சிவப்பு பரவி, காய்ச்சலும் கண்டால் மீன் குழம்பை நம்பி இருக்காதீர்கள். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.