பட்டம் ஒருவருக்கு, பங்கு அனைவருக்கும்

2011 ஏப்ரலில் ஜெய்ப்பூர் அரச குடும்பத்தின் பவானி சிங் காலமானார். அவர் தத்தெடுத்திருந்த பேரன் பத்மநாப் சிங்குக்கு அதே மாதம் சிட்டி பேலஸில் பட்டம் கட்டினார்கள். அப்போது அவருக்கு வயது 12.

இத்தகைய சடங்கைக் குடும்பம் செய்துகொள்ளத் தடையில்லை. ஆனால் 1971-ஆம் ஆண்டின் 26-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் மன்னர்களுக்கு இருந்த அங்கீகாரத்தையும் மானியத்தையும் நீக்கிவிட்டது. தலைப்பாகை சூட்டியதால் மட்டும் ஒரு செங்கல்கூட யார் பெயருக்கும் மாறாது. இதை அறியாமல் பல அரச குடும்பங்களில் தங்கைகளும் விதவைகளும் ஏமாந்திருக்கிறார்கள். பட்டம் ஏற்ற இளைஞர்களும் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படி ஏறியிருக்கிறார்கள்.

“எங்கள் வம்சத்தில் மூத்த ஆணுக்கே எல்லாம்” என்பார்கள். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் இதற்கு மிகச் சிறிய விலக்கைத்தான் தந்திருக்கிறது. இந்திய அரசுடன் மன்னர் செய்த ஒப்பந்தமோ, 1956-க்கு முன்பே இயற்றப்பட்ட வேறு சட்டமோ ஒரே வாரிசைக் குறிப்பிட்டிருந்தால் மட்டுமே அந்த விலக்கு பொருந்தும். வெறும் வழக்கத்தைக் காட்டினால் போதாது. உயில் இல்லாமல் இறந்தவரின் தனிச் சொத்தில் மகன், மகள், மனைவி, தாய் எல்லோரும் முதல் நிலை வாரிசுகள். கூட்டுக் குடும்பச் சொத்திலும் மகளுக்குப் பிறப்பால் மகனுக்கு இணையான உரிமை உண்டு என்பதை 2005 திருத்தம் கொண்டுவந்தது. 2020-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முஸ்லிம் அரச குடும்பங்களிலும் பட்டத்தைக் காட்டிச் சொத்து முழுவதையும் எடுத்துக்கொள்ள முடியாது. ராம்பூர் நவாப் ரஸா அலி கான் 1966-இல் இறந்தபின், மூத்த மகன், தான் அரியணைக்கு வந்ததால் சொத்து முழுவதும் தனதே என்றார். 2019-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தனிச் சொத்து இஸ்லாமிய வாரிசுச் சட்டப்படி பெண்கள் உட்பட எல்லா வாரிசுகளுக்கும் பிரிய வேண்டும் என்றது.

ஃபரித்கோட் அரச குடும்பத்தின் வழக்கை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும். அதன் கடைசி மன்னர் ஹரிந்தர் சிங் பிராருக்கு ஒரே மகன். அவர் 1981-இல் விபத்தில் இறந்தார். 1989-இல் மன்னரும் இறந்தபோது 1982-ஆம் ஆண்டு தேதியிட்ட உயில் ஒன்று வெளிவந்தது. சொத்து முழுவதும் ஓர் அறக்கட்டளைக்கு என்றது அது. மூத்த மகளுக்கு எதுவும் இல்லை. மற்ற இரு மகள்களுக்கும் அறக்கட்டளையில் பதவியும் சொற்ப மாதச் சம்பளமும். மூத்த மகள் 1992-இல் வழக்குத் தொடுத்தார். 2013-இல் சண்டிகர் நீதிமன்றம் உயில் போலி என்றது. 2020-இல் உயர் நீதிமன்றமும் 2022-இல் உச்ச நீதிமன்றமும் அதையே நிலைநிறுத்தின. நியாயம் கிடைக்க முப்பது ஆண்டுகள். அதற்குள் மற்ற இரு சகோதரிகளும் இறந்துவிட்டார்கள். இந்தத் தாமதம்தான் என்னை மிகவும் வருத்துகிறது.

உயிலை நிரூபிக்கும் பொறுப்பு அதைக் காட்டுபவருடையது. இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டிருக்க வேண்டும். உயிரோடு இருக்கும் சாட்சி ஒருவரையாவது நீதிமன்றத்தில் விசாரிக்க வேண்டும். உயிலால் ஆதாயம் பெறுபவரே அதை எழுதுவதில் முன்னின்றிருந்தால் அந்தச் சந்தேகத்தையும் அவரே தீர்க்க வேண்டும். ஆகவே “உயில் இருக்கிறது” என்று யார் சொன்னாலும் நகல் கேளுங்கள்.

காரியம் முடியும் முன்பே “தம்பிக்காக ஒரு கையெழுத்து” என்று விடுதலைப் பத்திரத்தை நீட்டுவார்கள். துக்க வீட்டில் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்திடாதீர்கள். ஏமாற்றி வாங்கியிருந்தால், உண்மை தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் ரத்து கோரி வழக்குத் தொடுக்கலாம். கூட்டுக் குடும்பச் சொத்திலிருந்து உங்களை விலக்கினால், அது தெரிந்ததிலிருந்து 12 ஆண்டுக்குள் பங்கு கேட்க வேண்டும். வழக்கோடு தடையாணையும் கேளுங்கள். வழக்கு நடக்கும்போது சொத்தை விற்றாலும் வாங்கியவரைத் தீர்ப்பு கட்டுப்படுத்தும்.

பட்டம் ஏற்ற பிள்ளைக்கும் ஆபத்து உண்டு. இந்துச் சிறார் ஒருவரின் தனிப்பட்ட அசையாச் சொத்தைத் தாயோ தந்தையோ விற்பதானாலும் நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும். அனுமதியின்றி விற்றிருந்தால், 18 வயது நிறைந்த பின் மூன்று ஆண்டுக்குள் அதை எதிர்க்கலாம். அரண்மனை மேலாளருக்குக் கண்மூடிப் பவர் பத்திரம் கொடுக்காமல், முதலில் வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். நூறு ஆண்டு கடந்த சிலையையும் ஓவியத்தையும், 75 ஆண்டு கடந்த சுவடியையும் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. உள்நாட்டில் பழம்பொருள் வணிகம் செய்யவும் உரிமம் தேவை. அரண்மனையோ பக்கத்துக் கோட்டையோ மத்திய அரசின் பாதுகாக்கப்பட்ட சின்னமானால், அதைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடத்துக்குத் தடை. விடுதியாக மாற்றும் ஆசையில் முன்பணம் வாங்குவதற்கு முன் இதை விசாரிக்க வேண்டும்.

அரச குடும்பத்துப் பெண் இலவசச் சட்ட உதவி கேட்கலாமா என்று தயங்குபவர்கள் உண்டு. தாராளமாகக் கேட்கலாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்கும் சிறார்களுக்கும் வருமான வரம்பு வைக்கவில்லை. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் வழக்கறிஞரை அவர்களே நியமிப்பார்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்டுக்கொள்ளலாம்.