பனிமலைக்குப் போகுமுன் பாலிசியைப் பிரித்துப் படியுங்கள்

ஜப்பானுக்குப் பனிச்சறுக்குப் போய்க் கை கால் முறிந்து திரும்பியவர்கள் எடுத்துக் காட்டும் காகிதங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. மருத்துவமனை கொடுத்த ஒரு துண்டு ரசீது, கிரெடிட் கார்டு ஸ்லிப், இன்சூரன்ஸ் நிறுவனம் அனுப்பிய இரண்டு வரி மறுப்புக் கடிதம், அவ்வளவுதான். விபத்து எந்தச் சரிவில் நடந்தது, எத்தனை மணிக்கு நடந்தது, கீழே இறக்கிக் கொண்டுவந்தது யார் என்பதற்கு எழுத்தில் ஒரு வரிகூட இருக்காது. “டிராவல் இன்சூரன்ஸ் எடுத்துத்தானே போனோம்” என்பார்கள். எடுத்திருப்பார்கள். ஆனால் அதில் எது சேரும், எது சேராது என்று விமானம் ஏறும்வரை ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பனி பார்க்கப் போகும் குடும்பங்கள் இப்போது நிறைய. பனியைப் பார்த்துவிட்டு வருவதோடு நிறுத்துவதில்லை, ஸ்கீயோ ஸ்னோபோர்டோ வாடகைக்கு எடுத்துச் சறுக்கவும் செய்கிறார்கள். அதில் தவறே இல்லை. ஆனால் இன்சூரன்ஸில் கவனம் வேண்டும். ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கு இன்சூரன்ஸ் கட்டாயம். ஜப்பான் சுற்றுலா விசாவுக்கு அப்படிக் கேட்பதில்லை. யாரும் கேட்காததால் பலரும் டிக்கெட்டோடு ஒட்டிக்கொண்டு வரும் மிக மலிவான பாலிசியோடு கிளம்பிவிடுகிறார்கள். அதில் பனிச்சறுக்கு சேராமல் போகலாம் என்பதை டூர் ஏஜெண்டுகள் சொல்லியே ஆகவேண்டும். பயணத் திட்டத்தில் ‘ஸ்கீ அனுபவம்’ என்று அச்சடித்து விற்கிறவர்கள், அந்த அனுபவம் பாலிசியின் விலக்குப் பட்டியலில் இருப்பதைச் சொல்லாமல் விடுவது பொறுப்பின்மை.

இந்திய டிராவல் பாலிசிகள் பலவற்றில் ‘ஹசார்டஸ் ஆக்டிவிட்டி’ அல்லது ‘அட்வெஞ்சர் ஸ்போர்ட்ஸ்’ என்ற தலைப்பில் ஒரு விலக்கு இருக்கும். பனிச்சறுக்கு அதற்குள் வந்துவிடும். கூடுதல் பிரீமியம் கட்டி, ‘விண்டர் ஸ்போர்ட்ஸ்’ சேர்க்கப்பட்டது என்று பாலிசி அட்டவணையில் அச்சில் வந்தால்தான் செல்லும். ஏஜெண்டு போனில் “கவர் ஆகும் சார்” என்று சொன்னது செல்லாது. நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஜப்பானில் ஸ்கீ தளத்துக்குள் பொழுதுபோக்காகச் சறுக்கப் போகிறேன், அதில் அடிபட்டால் மருத்துவச் செலவு, மீட்புச் செலவு, இன்னொருவருக்கு நான் ஏற்படுத்தும் காயத்துக்கான பொறுப்பு, இந்த மூன்றும் சேருமா என்று கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மின்னஞ்சல்தான். பின்னால் சண்டை என்று வந்தால் கையில் இருக்கும் முதல் ஆதாரம் அதுதான்.

இனி மலைக்கு வருவோம். நாகானோ மாநிலத்தில் உள்ள ஷிகா கோகென் ஜப்பானின் மிகப் பெரிய ஸ்கீ பகுதிகளில் ஒன்று. 1998 நாகானோ குளிர்கால ஒலிம்பிக்கின் சில போட்டிகள் இங்கேதான் நடந்தன. சுமார் 18 ஸ்கீ தளங்கள் ஒரே லிஃப்ட் சீட்டில் அடங்குகின்றன. உச்சியில் இருக்கும் யோகோதெயாமா 2,300 மீட்டருக்கு மேல். ஆனால் ‘ஒரே சீட்டு’ என்றால் ‘ஒரே மலை’ என்று நினைத்துவிடக் கூடாது. யோகோதெயாமா, குமானோயு பக்கம் ஒரு கோடி. ஒகுஷிகா மறு கோடி. எல்லா இடத்திலிருந்தும் எல்லா இடத்துக்கும் சறுக்கியே போய்விட முடியாது, நடுவில் பஸ் பிடிக்க வேண்டும். காலையில் ஆசையாக ஒவ்வொரு மலையாகத் தாண்டிப் போய்விட்டு, திரும்பும்போது இணைப்பு லிஃப்ட் மூடிவிட்டதைப் பார்த்து விழிப்பவர்களைப் பற்றித்தான் அதிகம் கேள்விப்படுகிறேன்.

டிசம்பரில் அங்கே மாலை நாலரை மணி சுமாருக்கே சூரியன் மறைந்துவிடும். மலைகளை இணைக்கும் லிஃப்டுகள் மற்ற லிஃப்டுகளுக்கு முன்பே மூடப்படலாம். காற்று பலமானால் கோண்டோலாவை முன்னறிவிப்பில்லாமல் நிறுத்துவார்கள். எனவே காலையில் சீட்டு வாங்கும்போதே திரும்பும் வழியில் உள்ள கடைசி இணைப்பு லிஃப்டின் நேரத்தையும் கடைசி ஷட்டில் பஸ் நேரத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மதியம் இரண்டு மணிக்குத் தங்குமிடம் இருக்கும் பக்கம் திரும்பத் தொடங்குங்கள். நேரம் தவறிவிட்டால் குறுக்கே காட்டுக்குள் இறங்கிப் பார்க்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். கீழே இருக்கும் தளத்தின் அலுவலகத்துக்குப் போய் டாக்ஸி கூப்பிடச் சொல்லுங்கள். வரும் வண்டியின் எண்பலகை பச்சை நிறமாக இருக்க வேண்டும். வெள்ளை எண்பலகைச் சொந்தக் காரில் அனுமதியில்லாமல் காசு வாங்கி ஏற்றிச் செல்வது அங்கே சட்டவிரோதம். வழியில் விபத்து நடந்தால் அந்த வண்டியின் இன்சூரன்ஸைக் காட்டி இழப்பீடு கேட்பது பெரும்பாடு.

அடுத்து கயிறு. ஜப்பானிய ஸ்கீ தளங்களில் சரிவின் ஓரமாக மஞ்சள் கருப்புக் கயிறு கட்டியிருப்பார்கள். இடுப்பு உயரம் இருக்கும், தூக்கிவிட்டுக் குனிந்தால் யாரும் போய்விடலாம். கயிற்றுக்கு அந்தப் பக்கம் யாரும் மிதிக்காத பஞ்சு போன்ற பனி தெரியும், அதில் ஏற்கெனவே யாரோ இறங்கிப் போன இரண்டு தடங்களும் தெரியும். அந்தத் தடங்களை நம்பித்தான் ஆட்கள் போகிறார்கள். தடம் போட்டவர் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தாரா என்பதைத் தடம் சொல்லாது. 2023 ஜனவரி 29 அன்று இதே நாகானோ மாநிலத்தில், ஹகுபா நோரிகுரா மலைச்சரிவில் தளத்துக்கு வெளியே நடந்த பனிச்சரிவில் இருவர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் அமெரிக்காவின் கைல் ஸ்மெய்ன். ஸ்கீயில் உலகச் சாம்பியன் பட்டம் வென்றவர். அவருக்கே அந்த கதி என்றால் வாடகை ஸ்கீயோடு நிற்கும் நமக்கு எந்தக் கணக்கு?

ஹொக்காய்டோவில் உள்ள நிசெகோவில் நான்கு தளங்கள் ஒரே மலையைச் சுற்றி இருக்கின்றன. அங்கே ‘நிசெகோ விதிகள்’ என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். தளத்துக்கு வெளியே போக விரும்புபவர் அதற்கென உள்ள கேட் வழியாகத்தான் போக வேண்டும். கேட் மூடியிருந்தால் போகக் கூடாது. கயிற்றுக்கு அடியில் நுழையவே கூடாது. மீறினால் லிஃப்ட் சீட்டு பறிபோகும். யு நோ சாவா என்ற பள்ளத்தாக்குக்கு எப்போதும் தடை. சிறு பிள்ளைகள் பெரியவர் துணையில்லாமல் வெளியே போகக் கூடாது. வெளியே போய்ச் சிக்கியவரை மீட்கும் செலவு சிக்கியவர் தலையில்தான் விழும். குறைந்தபட்சமே 1,00,000 யென் என்று விதியில் எழுதியிருக்கிறது. ஒவ்வொரு நாள் காலையும் பனிச்சரிவு அபாய அறிக்கை வெளியிடுகிறார்கள். இவ்வளவு தெளிவாக எழுதி வைத்த பிறகும் தெரியாது என்றால் யார் ஏற்பார்கள்? இன்சூரன்ஸ் நிறுவனமும் ஏற்காது. விண்டர் ஸ்போர்ட்ஸ் சேர்த்து வாங்கிய பாலிசிகளிலேயே பல, தடை செய்த பகுதியில் நடந்த விபத்தை விலக்கிவிடுகின்றன. கயிற்றைத் தாண்டிய கணத்தில் பாலிசியும் போய்விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விபத்து நடந்துவிட்டால் என்ன செய்வது? இதைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். அடிபட்டவருக்கு மேலே, சரிவில் ஒரு ஜோடி ஸ்கீயைக் குறுக்காகக் குத்தி நிறுத்துங்கள், வருகிறவர்கள் ஒதுங்குவார்கள். தளத்தின் வரைபடத்தில் பட்ரோல் என்னும் மீட்புக் குழுவின் எண் இருக்கும்; காலையிலேயே அதைப் போனில் சேமித்திருக்க வேண்டும். பேசும்போது “மலையில் இருக்கிறோம்” என்றால் யாருக்கும் விளங்காது. சரிவின் பெயரைச் சொல்லுங்கள், பக்கத்தில் உள்ள லிஃப்ட் தூணில் ஒட்டியிருக்கும் எண்ணைச் சொல்லுங்கள். மொழி தெரியாவிட்டாலும் எண்ணைப் புரிந்துகொள்வார்கள். போன் எடுக்கவில்லை என்றால் கீழே சறுக்கிப் போகும் யாரிடமாவது சொல்லி லிஃப்ட் ஊழியருக்குத் தகவல் அனுப்புங்கள். ஆம்புலன்ஸுக்கு 119, போலீசுக்கு 110. ஆம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லை. ஆங்கிலத்தில் பேசி வழி கேட்க ஜப்பான் சுற்றுலா அமைப்பின் 050-3816-2787 என்ற எண் 24 மணி நேரமும் இயங்குகிறது.

பட்ரோல் ஆட்கள் கீழே இறக்கியதும் முதலுதவி அறையில் ஒரு படிவம் எழுதுவார்கள். பெயர், நேரம், இடம், எப்படி விழுந்தீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். வலியில் இருப்பவருக்கு அது நினைவில் நிற்காது, கூட இருப்பவர்தான் கேட்க வேண்டும். அதன் நகலையோ, விபத்து நடந்ததற்கான சான்றையோ கேளுங்கள். ஜப்பானிய மொழியில் ‘ஜிகோ ஷோமெய்ஷோ’ என்று சொன்னால் போதும். அன்றைக்குத் தரமாட்டார்கள் என்றால் யாரிடம் எழுதிக் கேட்பது என்று குறித்துக்கொள்ளுங்கள், படிவம் எழுதிய மேசையைப் படம் எடுங்கள். இதைக் கேட்காமல் வந்துவிடுகிறவர்கள்தான் பெரும்பாலோர். திரும்பவும் சொல்கிறேன்: பட்ரோல் பதிவு இல்லாமல் மலையை விட்டு இறங்காதீர்கள்.

மருத்துவமனையில் மூன்று காகிதங்கள். நோயையும் காயத்தையும் மருத்துவர் எழுதிக் கையெழுத்திடும் ‘ஷின்தான்ஷோ’, என்னென்ன சிகிச்சை என்று பிரித்துக் காட்டும் ‘ஷின்ரியோ மெய்சைஷோ’, பணம் கட்டியதற்கான ‘ரியோஷுஷோ’. கடைசியில் சொன்னது மட்டும் தானாகவே கைக்கு வரும். முதலாவதற்குத் தனிக் கட்டணம் உண்டு. இந்தியாவிலிருந்து பிறகு கேட்டு வாங்குவது வாரக்கணக்கில் இழுக்கும். எக்ஸ்ரே படங்களைச் சிடியில் கேளுங்கள். பில்லைப் பார்த்து மலைக்காதீர்கள், ஜப்பானியக் காப்பீடு இல்லாத பயணியிடம் முழுத் தொகையும் வாங்குவார்கள். சில மருத்துவமனைகள் வழக்கமான விகிதத்தைவிட அதிகமாகவே வாங்கும். கட்டாமல் ஊர் திரும்பிவிடலாம் என்ற யோசனை வேண்டாம். குறிப்பிட்ட வரம்புக்கு மேல் பாக்கி வைத்த வெளிநாட்டுப் பயணிகளின் விவரம் 2021 முதல் குடிவரவுத் துறைக்குப் போகிறது, அடுத்த முறை நாட்டுக்குள் விடாமல் திருப்பி அனுப்ப அது போதும்.

இன்னொருவர் வந்து மோதியிருந்தால் உங்களுக்கு உரிமை இருக்கிறது. 1995 மார்ச் 10 அன்று ஜப்பான் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: மேலிருந்து சறுக்கி வருபவர் கீழே இருப்பவரின் போக்கைக் கவனித்து, மோதாதபடி வேகத்தையும் வழியையும் தேர்ந்துகொள்ள வேண்டும். சர்வதேச ஸ்கீ, ஸ்னோபோர்டு கூட்டமைப்பின் பத்து நடத்தை விதிகளும் இதையே சொல்கின்றன. விபத்தில் சம்பந்தப்பட்டவரும் சாட்சியும் பெயர், முகவரி தர வேண்டும் என்பதும் அந்த விதிகளில் ஒன்று. “பரவாயில்லை, பரவாயில்லை” என்று மோதியவரை அனுப்பிவிடாதீர்கள். பட்ரோல் வரும்வரை நிற்கச் சொல்லுங்கள். ஜப்பானியர்கள் பலரிடம் தனிநபர் பொறுப்புக் காப்பீடு இருக்கும், அந்த நிறுவனத்தின் பெயரைக் கேளுங்கள். உடலுக்கு நேர்ந்த காயத்துக்கு இழப்பீடு கோர, சேதமும், அதை ஏற்படுத்தியவர் யார் என்பதும் தெரிந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு. சட்டத் தகவலுக்கு ‘ஹோதெராசு’ என்ற அரசுச் சட்ட உதவி மையத்தின் பன்மொழி எண் 0570-078377. தகவல் யாருக்கும் தருவார்கள். வக்கீல் செலவுக்கான உதவி ஜப்பானில் முகவரியோடு சட்டப்படி வசிப்பவர்களுக்குத்தான். இதே சட்டம் உங்களுக்கும் பொருந்தும் என்பதை மறக்க வேண்டாம். மேலிருந்து வேகமாக வந்து கீழே நின்ற குழந்தை மீது மோதினால் நீங்கள்தான் பொறுப்பு.

வாடகைக் கடைப் படிவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எடை, உயரம், வயது, திறன் என்று கேட்பது சம்பிரதாயத்துக்கு இல்லை. விழும்போது ஸ்கீ எந்த விசையில் காலை விட்டுக் கழல வேண்டும் என்பதை அந்த எண்களை வைத்துத்தான் முறுக்குகிறார்கள். கூச்சப்பட்டு எடையைக் குறைத்துச் சொன்னால் நடுச்சரிவில் தேவையில்லாமல் கழன்றுவிடும். ‘நன்றாக வரும்’ என்று திறனைக் கூட்டிச் சொன்னால் கழல வேண்டிய நேரத்தில் கழலாமல் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். ஸ்னோபோர்டு புதிதாகப் பழகுகிறவர்கள் மணிக்கட்டுக் காப்பு கேட்டு வாங்குங்கள், பின்னுக்கு விழும்போது கையை ஊன்றி மணிக்கட்டை முறித்துக்கொள்வது அவர்களிடம் அதிகம்.

ஊர் திரும்பியபின் கிளெய்ம். பாலிசியில் உள்ள 24 மணி நேர உதவி எண்ணை விபத்தன்றே அழைத்து, அவர்கள் தரும் பதிவு எண்ணை எழுதி வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. தாமதமாகச் சொன்னீர்கள் என்ற ஒரே காரணத்துக்காக உண்மையான கிளெய்மை மறுக்கக் கூடாது என்று இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011-லேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. இன்றும் அதே காரணத்தை எழுதி மறுக்கிற அதிகாரிகள் இருக்கிறார்கள், எரிச்சலாக இருக்கிறது. மறுப்புக் கடிதம் வந்ததும் ஓய்ந்துவிடாதீர்கள். எந்த விதி எண்ணின்படி மறுத்தீர்கள் என்று கேட்டு நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஆணையத்தின் ‘பீமா பரோசா’ தளத்திலும் 155255 என்ற எண்ணிலும் புகாரைப் பதியலாம்.

அவர்கள் மறுத்தாலோ, ஒரு மாதம் பதில் இல்லாவிட்டாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போங்கள். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டை அண்ணா சாலையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கையை விசாரிப்பார்கள். அதே விஷயம் நீதிமன்றத்திலோ நுகர்வோர் ஆணையத்திலோ நிலுவையில் இருக்கக் கூடாது. சிங்கப்பூர் வாசகர்களுக்கு ‘ஃபிட்ரெக்’ என்ற நிதித்துறைத் தகராறு தீர்வு மையம் உண்டு. புகாரோடு பாலிசி, நிறுவனத்தின் மின்னஞ்சல் பதில், பட்ரோல் பதிவு, மருத்துவமனையின் மூன்று காகிதங்கள், மறுப்புக் கடிதம் எல்லாவற்றின் நகலையும் வையுங்கள். நிறுவனம் மறுத்த தேதியிலிருந்து ஓராண்டுக்குள் புகார் குறைதீர்ப்பாளரிடம் போய்ச் சேர வேண்டும். போன சீசனில் அடிபட்டு, மறுப்புக் கடிதத்தை அலமாரியில் போட்டு வைத்திருப்பவர்கள் இன்றே அதை எடுத்துத் தேதியைப் பாருங்கள்.