நாய்க்கும் ஒரு கண்ணாடியா?

மோட்டார் வண்டியின் சாளரத்துக்கு வெளியே தலையை நீட்டி, காதுகள் பின்னே பறக்கக் காற்றைச் சுவைத்தபடி செல்லும் நாயை நாமெல்லோரும் கண்டிருக்கிறோம். அந்த நாயின் முகத்தில் ஒரு கறுப்புக் கண்ணாடியும் இருந்துவிட்டால்? சிரிப்புத்தான் வரும். "பணம் படைத்தவர்களின் பைத்தியம்" என்று சொல்லிவிட்டு நம் வழியே போய்விடுவோம். ஆயினும், சிரித்து முடிந்தபின் சற்றே சிந்திக்கவேண்டிய விடயமும் இதில் உண்டு.

அமெரிக்காவிலே, கலிபோர்ணியா மாநிலத்தில், றோனி டி லூலோ என்னும் பெண்மணி 'மிட்னைட்' என்ற நாயை வளர்த்துவந்தார். அவர் எறியும் பறக்கும் தட்டைப் பாய்ந்து பிடிப்பதில் அதற்குப் பெருவிருப்பம். வெயிலிலே விளையாடும்போது அது கண்களைச் சுருக்கிக்கொள்வதை அவர் கவனித்தார். மனிதர் அணியும் விளையாட்டுக் கண்ணாடியொன்றை நாயின் முகத்துக்கு ஏற்ப மாற்றி அணிவித்துப் பார்த்தார். 1990ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் நிகழ்ந்த இச் சிறு முயற்சியே 'டொகிள்ஸ்' என்ற பெயரில் வியாபாரமாக வளர்ந்தது.

நம்முடைய மூக்குக் கண்ணாடி நாய்க்குப் பொருந்தாது. அதன் மூக்கு நீண்டது. காதோ தலையின் மேலே இருப்பது. கண்ணாடியின் காலைத் தாங்க அங்கே இடமேது? ஆகவே, தலையின் பின்புறம் ஒரு பட்டியும் தாடையின் கீழே ஒரு பட்டியுமாக இழுத்துக் கட்டும்படி இவற்றை அமைத்தனர். வில்லைகள் எளிதில் உடையாத பொலிகாபனேற்றினால் ஆனவை. அவை கழியூதாக் கதிர்களையும் தடுக்கின்றன.

விளையாட்டாகப் பிறந்த பொருள் போர்முனைக்கும் சென்றது. 2003ஆம் ஆண்டில் ஈராக் யுத்தம் தொடங்கியபின், அங்கு பணிபுரிந்த அமெரிக்க இராணுவ நாய்கள் சிலவற்றுக்கு இக்கண்ணாடிகள் அணிவிக்கப்பட்டன. பாலைவன மணற்காற்றும், ஹெலிகொப்டர் கிளப்பும் புழுதியும் கண்ணைப் புண்ணாக்காதிருக்கவே இந்த ஏற்பாடு. கண் கெட்டால் அந்த நாயை நம்பி நடக்கும் வீரனுக்கும் ஆபத்தல்லவா?

அல்சேஷன் வளர்க்கும் அன்பர்கள் இன்னுமொன்றை அறிதல் நன்று. 'பானஸ்' என்னும் கண்ணோய் இவ்வினத்தையே பெரிதும் பீடிக்கிறது. கருவிழியை மூடியுள்ள தெளிவான படலத்தில், பெரும்பாலும் வெளியோரத்திலிருந்து, செந்நிறச் சதை போன்ற படர்ச்சி பரவும். பின்னர் அது கருமையடையும். கவனியாது விட்டால் பார்வையே போய்விடும். வெயிலின் கழியூதாக் கதிர்கள் இந்நோயை வளர்க்கின்றன. முற்றாகத் தீர்க்க வழியில்லையெனினும், ஆயுள் முழுவதும் மருந்து விட்டுவந்தால் அடக்கி வைக்கலாம். மருந்தோடு கண்ணாடியையும் அணிவிக்கும்படி மிருக வைத்தியர்கள் சிலர் கூறுவதன் காரணம் இதுவே.

அலங்காரத்துக்கு மட்டும் அணிவிப்பதைப் பற்றி என்ன சொல்லலாம்? பிறந்தநாள் படத்துக்காகக் குழந்தையின் விளையாட்டுக் கண்ணாடியை நாயின் முகத்தில் மாட்டுவோர் உளர். உடையக்கூடிய மலிவான வில்லையும் கூரிய விளிம்பும், காக்கவேண்டிய கண்ணையே காயப்படுத்தக்கூடும். அழகு நமக்கு, வேதனை அதற்கு என்றாகிவிடக்கூடாது.

உண்மையாகவே தேவைப்படுமாயின், வில்லை இமையிலோ இமைமயிரிலோ முட்டாத அளவாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் நாள் சில விநாடிகள் அணிவித்து, பிடித்தமான தின்பண்டமொன்று கொடுத்துக் கழற்றிவிடலாம். பின்பு நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். பாதத்தால் ஓயாது பிறாண்டினால் வற்புறுத்தலாகாது. கண் சிவந்தாலோ, நீர் வடிந்தாலோ, நாய் கண்ணைத் திறக்க மறுத்தாலோ, கண்ணாடியைத் தேடாமல் அன்றே வைத்தியரை நாடவேண்டும்.

பெரும்பாலான நாய்களுக்குக் கண்ணாடி வேண்டியதில்லை. ஓடும் வண்டியில் தலையை உள்ளே வைத்திருக்கப் பழக்குவதும், நடுப்பகல் வெயிலில் நிழல் கொடுப்பதும், நாளுக்கொரு முறை அதன் கண்களை உற்றுப் பார்ப்பதும் செலவில்லாத பாதுகாப்புகள். வாய் திறந்து நோவைச் சொல்ல அதனால் இயலாது. நாம்தான் பார்த்து அறியவேண்டும்.