முழுக்கோழிக்குக் காசு கொடுத்தால் முழுக்கோழியும் உங்களுடையது

ஓசூரில் ஞாயிறு காலை கறிக்கடைகளில் கூட்டம் அலைமோதும். சிப்காட் ஆலைகளில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு நேரே கடைக்கு வருகிறவர்களும் அதில் இருப்பார்கள். தூக்கக் கலக்கத்தில் "அரைக் கிலோ லெக் பீஸ்" என்று சொல்லிக் காசை நீட்டிவிடுகிறோம். வாடகையும் அரிசியும் ஏறிக்கிடக்கும் ஊரில் இது வீண் செலவு. முழுக்கோழி வாங்கினால் அதே பணத்தில் கூடுதல் கறி கிடைக்கும். ஆனால் தராசடியில் நாம் விழிப்பாக இருந்தால்தான் அந்த மிச்சம் நம் பைக்கு வரும்.

கடைப் பலகையில் பெரும்பாலும் இரண்டு விலை இருக்கும்: உயிர் விலை, உரித்த விலை. இரண்டு கிலோ பிராய்லரைத் தோல் நீக்கி வெட்டினால் சுமார் 1.3 கிலோ கறி தேறும். அதாவது உரித்த விலை உயிர் விலையைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தால், உயிர் எடையில் வாங்குவதே லாபம். ஒரு பேச்சுக்கு, உயிர் விலை 130, உரித்த விலை 220 என்று வையுங்கள். இரண்டு கிலோ கோழிக்கு 260 ரூபாய். அதே 1.3 கிலோவை உரித்த விலையில் வாங்கினால் 286. தனி லெக் பீஸ், எலும்பில்லாக் கறி என்று போனால் வித்தியாசம் இன்னும் கூடும்.

இனி தராசு. உயிர்க்கோழி சிறகடிக்கும்போது எண்கள் மேலும் கீழும் ஓடும். அந்த நேரத்தில் கண்ணில் பட்ட பெரிய எண்ணைச் சொல்லிக் கோழியை எடுத்துவிடுவது பழைய தந்திரம். எண் நிற்கும் வரை பொறுக்கச் சொல்லுங்கள். கூடையோ தட்டோ வைத்து நிறுத்தால், அது காலியாக இருக்கும்போது பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். கோழியின் நெஞ்சுக்கு மேலே தீனிப்பை புடைத்திருந்தால், தீனிக்கும் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள். வேறு கோழி கேளுங்கள். தராசின் எண் வாங்குபவருக்குத் தெரிய வேண்டும். மின்னணுத் தராசை ஆண்டுதோறும் முத்திரையிட்டு, அதற்கான சான்றிதழைக் கடையில் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது சட்டம். எடை குறைத்து விற்பது 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி குற்றம். கடைக்காரர்கள் எல்லாரும் ஏமாற்றுகிறவர்கள் அல்ல. நேர்மையானவர் இதையெல்லாம் கேட்டால் கோபப்படவும் மாட்டார்.

உயிர் எடைக்குக் காசு கொடுத்தவருக்கு ஈரல், மாங்காய், கழுத்து, முதுகெலும்பு எல்லாம் சொந்தம். கால் வேண்டுமென்றால் அதுவும்தான். இவற்றை ஒதுக்கி வைத்து வேறொருவருக்கு விற்கிற கடைகள் உண்டு. "எல்லாத்தையும் போடுங்கண்ணா" என்று வெட்டும் முன்பே சொல்லிவிடுங்கள். தொடையும் காலும் குழம்புக்கு, நெஞ்சுக்கறி வறுவலுக்கு, கழுத்தும் முதுகெலும்பும் மிளகு தட்டிப் போட்ட சூப்புக்கு என்று பிரித்தால், ஒரு கோழி நான்கு பேர் அறைக்கு இரண்டு வேளை வரும்.

மலிவு என்பதற்காக ஒன்றை மட்டும் வாங்கவே கூடாது: வண்டியிலோ கூண்டிலோ செத்த கோழி. தானாகச் செத்ததன் இறைச்சியை விற்பதை உணவுப் பாதுகாப்பு விதிகள் தடை செய்கின்றன. ரத்தம் சரியாக வடியாததால் அந்தக் கறி கருஞ்சிவப்பாக, நரம்புகளில் ரத்தம் உறைந்து இருக்கும். உங்கள் கண் முன்னே அறுக்கச் சொல்வதுதான் பாதுகாப்பு.

வீட்டில் கறியைக் குழாயடியில் பிடித்துக் கழுவினால் கிருமிகள் சுற்றிலும் தெறிக்கும். கழுவித்தான் ஆக வேண்டுமென்றால் பாத்திரத்தில் தண்ணீர் விட்டு மெதுவாக அலசுங்கள். பிறகு கையையும் தொட்டியையும் சோப்பால் கழுவுங்கள். ஃபிரிட்ஜில் பச்சைக் கறி இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். ஃபிரிட்ஜ் இல்லாத அறைகள் இங்கே ஏராளம். அப்படியானால் பக்கத்து அறையோடு பங்கு போட்டு அன்றைக்கே சமைத்து, அன்றைக்கே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். சமைத்ததும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடக்க வேண்டாம்.

ஏமாந்துவிட்டால்? பலகை, தராசு எண் இரண்டையும் போனில் படமெடுங்கள், ரசீது கேட்டு வாங்குங்கள். எடைப் புகாருக்குத் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையும், கெட்ட கறிக்கு உணவுப் பாதுகாப்புத் துறையும் பொறுப்பு. எங்கே போவது என்று தெரியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள்; தமிழிலேயே பேசலாம். சாப்பிட்டு உடம்புக்கு வந்தால் மருத்துவர் சீட்டைப் பத்திரமாக வையுங்கள், மிச்சக் கறியைக் கொட்டிவிடாதீர்கள்.

எல்லையில் வாழ்கிறவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளியில் வாங்கினால், எடைப் புகார் கர்நாடக அதிகாரிகளிடம்தான் போக வேண்டும். ஆனால் இழப்பீடு கேட்க அங்கே அலைய வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். அதற்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேல் போகாதவரை கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.