தலைகீழாக இறங்க உடலைப் பழக்குவது எப்படி?

தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. அதுவரை தொலையிரம் பார் உள்ளிட்ட, முத்துச்சிப்பிகள் வளரும் கடலடித் திட்டுகளான பார்களில் குளியாட்கள் பெரும்பாலும் கல்லின் துணையோடுதான் இறங்கினார்கள். கயிற்றில் கட்டிய கனத்த கல்லில் காலை ஊன்றி, நிமிர்ந்தபடியே, ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பத்துப் பாகம் ஆழம் வரை, அதாவது சுமார் 18 மீட்டர் வரை, போவார்கள். ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் சிப்பிகளைப் பையில் அள்ளிக்கொண்டு மேலே வந்துவிடுவார்கள்.

கல்லில்லாமல் மூச்சடக்கி இறங்கப் பயில்பவர்கள் இன்று அதே ஆழத்துக்குத் தலையை முன்னே விட்டு இறங்குகிறார்கள். விமானத்திலிருந்து குதிக்கும் ஸ்கைடைவிங் வீரர்களும் 'ஃப்ரீஃபிளையிங்' என்ற பிரிவில் தலைகீழாக விழப் பழகுகிறார்கள். நிமிர்ந்து நடந்தே வளர்ந்த உடல் தலைகீழானதும் தடுமாறும். அங்கே துணிச்சல் மட்டும் போதாது. காது, கழுத்து, கால் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே, முதலில் தரையில், பழக்கியாக வேண்டும்.

காதுதான் முதல் தடை

கடலில் 10 மீட்டர் இறங்கினால் உடல்மேல் உள்ள அழுத்தம் இரண்டு மடங்காகும். 20 மீட்டரில் மூன்று மடங்கு. நுரையீரல் காற்று முறையே பாதியாகவும், மூன்றில் ஒரு பங்காகவும் சுருங்கும். செவிப்பறைக்குப் பின்னால் உள்ள சிறு அறையின் காற்றும் அப்படியே. தொண்டையிலிருந்து போகும் குழல் வழியாக அங்கே காற்றை ஏற்றாவிட்டால் செவிப்பறை உள்வாங்கி வலிக்கும், கிழியவும் கூடும்.

நிமிர்ந்து இறங்குபவருக்கு இது எளிது. அவருடைய நுரையீரல் காதைவிடச் சற்று ஆழத்தில் இருக்கிறது. அங்கே நீரின் அழுத்தமும் சற்றுக் கூடுதல் என்பதால், காற்று காதை நோக்கி ஏறத் தயாராக நிற்கும். தலைகீழானதும் கதை மாறிவிடுகிறது. காது ஆழத்துக்குப் போகிறது, நெஞ்சு மேலே வருகிறது, காற்றும் நெஞ்சை நோக்கியே ஓடுகிறது. கல்லில் நின்று இறங்கிய நம் குளியாட்களின் முறை இந்த இயற்பியலோடு அழகாகப் பொருந்துகிறது. கல்லே கீழே இழுத்துச் சென்றதால் நீந்தும் உழைப்பும் மிச்சம். அடக்கிய மூச்சை அடித்தரையில் சிப்பி பொறுக்கச் செலவிட முடிந்தது.

தலைகீழாக இறங்குபவரால் நெஞ்சுக் காற்றை நம்ப முடியாது. வாயில் உள்ள காற்றை நாக்கால் தள்ளிக் காதுக்கு அனுப்ப வேண்டும். இந்த உத்திக்கு ஹெர்மன் ஃபிரென்சல் என்ற ஜெர்மானியக் காது மருத்துவரின் பெயர் வழங்குகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், செங்குத்தாகப் பாய்ந்து குண்டு வீசும் விமானிகளுக்கு அவர் இதைக் கற்பித்தார். விமானிகளுக்காக வகுத்த உத்தி இப்போது கடலில் இறங்குபவர்களுக்குக் கைகொடுக்கிறது.

இதற்கான பயிற்சி நாற்காலியிலேயே தொடங்குகிறது. மூக்கைப் பிடித்து, தொண்டையை அடைத்து, நாக்கின் பின்பகுதியை மேல்நோக்கி அழுத்த வேண்டும். காது மெல்ல அடைத்துத் திறக்கும்போது வயிறும் நெஞ்சும் அசையாதிருந்தால் சரியாகச் செய்கிறோம் என்று பொருள். அடுத்து, கட்டிலில் படுத்துத் தலையை ஓரத்தில் தொங்கவிட்டு அதையே செய்ய வேண்டும். அதன் பிறகே நீர். மிதவையிலிருந்து நேராகத் தொங்கும் கயிற்றைப் பற்றிப் பற்றித் தலைகீழாக மெல்ல இறங்கி, வலி வருவதற்கு முன்பே காதைச் சமன்செய்யப் பழக வேண்டும். அடித்தரை தெரிகிறதா என்று தலையைத் தூக்கினால் தொண்டை இழுபட்டுக் காது திறக்க மறுக்கும். அதனால் பார்வை முகத்துக்கு நேரே உள்ள கயிற்றிலேயே இருக்க வேண்டும்.

வானத்தில் காலே சுக்கான்

வயிறு கீழே இருக்கும்படி விழுபவரின் வேகம் மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர். தலைகீழானால் காற்றில் மோதும் பரப்பு குறைந்து, வேகம் 250 கிலோமீட்டரையும் தாண்டும். அப்போது மேலே இருக்கும் கால்களே சுக்கான். அவற்றை விரிப்பதும் மடக்குவதும்தான் வேகத்தையும் திசையையும் தீர்மானிக்கின்றன.

சுவரில் சாய்ந்து தலைகீழாக நின்று முதுகை நேராக வைக்கப் பழகுவது தரைப் பயிற்சி. அடுத்தது காற்றுச் சுரங்கம். கீழிருந்து வேகமாக வீசும் காற்றில், வலைக்குச் சற்று மேலே, பயிற்சியாளர் பிடித்துக்கொள்ள, தலைகீழ் நிலையை நிமிடக்கணக்கில் பழகலாம். ஆகாயத்தில் ஒரு குதிப்புக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது.

நிலை குலைந்து வயிற்றுப்பக்கம் புரண்டுவிட்டால் வேகம் சட்டெனக் குறையும். மேலே இருப்பவர் அதே வேகத்தில் வந்து மோதும் ஆபத்து உண்டு. அதனால்தான் பயிற்சியாளரோடு மட்டும் குதித்துத் தேறிய பிறகே கூட்டமாகக் குதிக்க விடுகிறார்கள். 2015-ல் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் 164 பேர் தலைகீழாக ஒன்றுசேர்ந்து சாதனை படைத்தார்கள். அதற்குப் பின்னால் இந்தப் படிப்படியான ஒழுங்கு இருக்கிறது.

மூச்சில் விளையாட்டு வேண்டாம்

மூச்சு முட்டும் உணர்வைத் தருவது முக்கியமாக இரத்தத்தில் கூடும் கார்பன் டை ஆக்சைடு. இறங்கும் முன் வேகவேகமாக மூச்சு வாங்கினால் அது குறைந்துவிடும். ஆக்சிஜனோ பெரிதாக அதிகரிக்காது. எச்சரிக்கை மணி அடிக்காமலே ஆக்சிஜன் தீர்ந்து மயக்கம் வரும். மேலேறும்போது அழுத்தம் குறைவதால், கடைசிப் பத்து மீட்டரில்தான் இந்த ஆபத்து அதிகம். எவ்வளவு தேர்ந்தவரும் தனியாக மூச்சடக்கிப் பழகக் கூடாது. அடக்கும் நேரத்தை நீட்டும் பயிற்சியைத் தரையில்தான் செய்ய வேண்டும்.

தூத்துக்குடியில் சங்குகுளிப்பவர்கள் இன்றும் கடலை நம்பி வாழ்கிறார்கள். அவர்களில் காற்றுக்குழாயோடு இறங்குபவர்களுக்கு வேறோர் ஆபத்து காத்திருக்கிறது. ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டு வேகமாக மேலேறினால் இரத்தத்தில் நைட்ரஜன் குமிழிகள் உண்டாகி, மூட்டுவலி முதல் பக்கவாதம் வரை கொண்டுபோய் விடும். பொழுதுபோக்குக்காக வானத்திலிருந்து குதிப்பவருக்குப் படிப்படியான பயிற்சியும், பக்கத்திலேயே ஓர் ஆசானும் கிடைக்கிறார்கள். வயிற்றுப்பாட்டுக்காகக் கடலில் இறங்குபவருக்கும் அது கிடைக்க வேண்டும். பார்களையும் நீரோட்டத்தையும் தலைமுறைகளாக அறிந்த மூத்த குளியாட்களும், உடலியல் அறிந்த மருத்துவர்களும் சேர்ந்து நடத்தும் பயிற்சி இந்தக் கரையில் வழக்கமானால், பல உயிர்களைக் காக்கலாம்.