பிராங்கிளினின் கரும்புள்ளிக் குறிப்பேடு

தன் குற்றங்களைத் தானே ஆராய்ந்து திருந்துதல் வேண்டும் எனச் சமயங்கள் பலவும் கூறும். அவ்வாராய்ச்சியை வணிகர் பேரேடு போல நாட்கணக்காக எழுதிவைத்தவர் பெஞ்சமின் பிராங்கிளின். 1706ஆம் ஆண்டு பொஸ்ரன் நகரிற் பிறந்து, பிலடெல்பியாவில் அச்சுத்தொழில் நடத்திய அவர், 1730ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் இம்முயற்சியைத் தொடங்கினார்.

அவர் முதலில் வகுத்த சீலங்கள் பன்னிரண்டு. அவரிடத்துச் செருக்கு மிகுதி என்று நண்பர் ஒருவர் எடுத்துக்காட்டவே, பணிவு பதின்மூன்றாவதாயிற்று. தம் கையாலேயே சிறு புத்தகம் ஒன்று அமைத்து, சீலம் ஒன்றுக்குப் பக்கம் ஒன்றாக ஒதுக்கி, சிவப்பு மையால் நெடுக்கே ஏழு நாட்களுக்கும் குறுக்கே பதின்மூன்று சீலங்களுக்கும் கோடிட்டார். மாலைதோறும் அன்று நேர்ந்த பிழை ஒவ்வொன்றுக்கும் உரிய கட்டத்தில் ஒரு கரும்புள்ளி இடுவார். நற்செயலுக்குக் குறியீடு எதுவுமில்லை. வெறுமையான கட்டமே வெற்றி.

வாரம் ஒன்றுக்கு ஒரு சீலத்தையே முதன்மையாகக் காத்தல் அவரது முறை. தோட்டத்துக் களையை ஒரே நாளில் முற்றாகப் பிடுங்க முயலாது, பாத்தி பாத்தியாகக் களைபவனைப் போன்றது அது. பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று முடியும். ஆண்டுக்கு நான்கு சுற்று. உணவிலும் குடியிலும் அளவு முதலிடம் பெற்றதற்கும் காரணமுண்டு: தெளிந்த அறிவின்றி ஏனையவற்றைக் காத்தல் அரிது என அவர் கருதினார்.

புதிய சுற்றுக்காகப் பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாள் ஓட்டையாயிற்று. பின்னர் தந்தத் தகடுகளாலான குறிப்பேடு ஒன்றில் அழியாத சிவப்புக் கோடிட்டு, பென்சிலாற் புள்ளியிட்டு, ஈரக் கடற்பஞ்சாற் துடைத்துவந்தார். எண்ணியதிலும் மிகுதியான குற்றங்கள் தம்மிடம் இருக்கக் கண்டு வியப்புற்றதாக 1784ஆம் ஆண்டு பிரான்சிலிருந்து எழுதிய தன்வரலாற்றுப் பகுதியிற் கூறுகின்றார். காகிதங்களையும் பொருள்களையும் உரிய இடத்தில் வைக்கும் ஒழுங்கு மட்டும் அவருக்கு இறுதிவரை கைகூடவில்லை. பணிவிலும் அதன் தோற்றத்தையே பெற்றதாக ஒப்புக்கொள்கின்றார். இவ்வாறு தோல்வியை மறையாது கூறுதலே அக்குறிப்பேட்டின் பயனுக்குத் தக்க சான்று எனலாம்.

எனினும், புள்ளியிடுபவன் குற்றமென்று உணர்ந்ததை மட்டுமே ஏடு காட்டும். எட்டாம் வரியில் நீதி இருந்தது. பிறருக்குத் தீங்கு செய்யாமையே அதற்கு அவர் தந்த விளக்கம். ஆயினும் அவர் பல்லாண்டுகள் அடிமைகளை வைத்திருந்தார். அவருடைய பத்திரிகையில் அடிமை விற்பனை விளம்பரங்களும் அச்சாயின. அவரைக் குறைகூறுவோர் இதனையே முதலில் எடுத்துக்காட்டுவர், அது முறையே. அவருடைய கருத்து மாறியது ஏட்டினால் அன்று. அடிமைமுறையை எதிர்த்தோருடன் கொண்ட தொடர்பும், 1763ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் கறுப்பினச் சிறுவர் பள்ளியொன்றை நேரிற் பார்வையிட்டமையும் அதற்குத் துணைநின்றன. 1787ஆம் ஆண்டு பென்சில்வேனியாவின் அடிமை ஒழிப்புச் சங்கத்துக்கு அவர் தலைவரானார். 1790ஆம் ஆண்டு பெப்ரவரியில் அடிமைமுறைக்கு எதிரான விண்ணப்பம் ஒன்றிற் கையொப்பமிட்டுக் காங்கிரசுக்கு அனுப்பினார். அதே ஆண்டு ஏப்ரல் 17ஆந் திகதி அவர் காலமானார்.