அடைமழை நாட்களில் அப்பா பேசுவதைக் குறைத்துவிட்டாரா? குடும்பம் கவனிக்க வேண்டியவை என்ன?

ஞாயிற்றுக்கிழமை இரவு. சென்னையில் ஐடி வேலையில் இருக்கும் மகள், கண்டாச்சிபுரத்தில் இருக்கும் அப்பாவுக்கு போன் செய்கிறார். "சாப்டீங்களாப்பா?" "ம்... ஆச்சும்மா." "அங்க மழையா?" "பெய்யுது." ஏரி நிரம்பியதா, மல்லாட்டை என்ன விலை போகிறது என்று அரை மணி நேரம் பேசுகிறவர், இப்போது ஒரே நிமிடத்தில் போனை அம்மாவிடம் கொடுத்துவிடுகிறார். "ஒரு மாசமா இப்படித்தான். ராத்திரி தூங்குறதில்ல, கழனிப் பக்கமும் போறதில்ல" என்கிறார் அம்மா, குரலைத் தாழ்த்தி.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், ஊரில் பெற்றோரை விட்டுவிட்டு வேலைக்காக வெளியூர் வந்த பலருக்கும் இந்த உரையாடல் பழக்கமானதே. 'மழைக்காலம், வயசு, அப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிடலாமா?

'விண்டர் ப்ளூஸ்' நம்ம ஊரிலும் உண்டா?

குளிர்காலத்தில் மட்டும் வந்து, வெயில் காலத்தில் விலகிவிடும் மனச்சோர்வை 1984-ல் நார்மன் ரோசந்தால் என்ற மனநல மருத்துவரும் அவரது குழுவினரும் அமெரிக்காவில் விவரித்தார்கள். தென்னாப்பிரிக்காவில் இருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ரோசந்தால், அங்குள்ள குளிர்காலத்தில் தானும் சோர்ந்துபோவதை உணர்ந்திருந்தார். பகல் வெளிச்சம் குறையும்போது உடலின் உள்கடிகாரம் தடுமாறுவது இதற்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது.

டிசம்பரில் லண்டனில் பகல் 8 மணி நேரம்கூட இருக்காது. டொரன்டோவில் சுமார் 9 மணி நேரம். அங்கு வேலைக்குப் போன நம் பிள்ளைகளுக்கு இந்தச் சோர்வு வரலாம். ஆனால் விழுப்புரத்தில் ஆண்டின் மிகக் குறுகிய பகலே சுமார் 11 மணி 25 நிமிடம். எனவே இங்கே வெளிச்சக் குறைவை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் மனதை அழுத்துபவை வேறு: அடைமழையில் வீட்டுக்குள் முடங்குவது, கூலி வேலை இல்லாமல் போவது, தண்ணீரில் நிற்கும் பயிர், அதற்கு வாங்கிய கடன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணையில் இருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட, தென்பெண்ணைக் கரையோர ஊர்களில் வெள்ளம் புகுந்தது. வீட்டையும் விளைச்சலையும் அப்படி இழந்தவர்களுக்கு, அடுத்த வருடம் அதே மாதத்தில் வானம் இருட்டினாலே மனசு படபடக்கலாம். பேரிடரைச் சந்தித்தவர்களிடம் இப்படி நடப்பது இயல்பு. அது கோழைத்தனம் இல்லை.

சாதாரண சோகமா, மனச்சோர்வா?

நஷ்டம் வந்தால் வருத்தம் வரும். சில நாட்களில் மெல்லத் தணியும். ஆனால் 2 வாரங்களுக்கு மேல் பெரும்பாலான நாட்களில் சோகம் அல்லது எதிலும் பிடிப்பின்மை, தூக்கமும் பசியும் மாறுவது, எப்போதும் களைப்பு, 'நான் எல்லோருக்கும் பாரம்' என்ற பேச்சு ஆகியவை தொடர்ந்தால் உதவி தேட வேண்டும். எல்லோரும் "மனசு சரியில்லை" என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். தலைவலி, உடம்பு வலி, எரிச்சல், திடீரென அதிகரிக்கும் குடி என்றும் அது வெளிப்படலாம்.

வீட்டில் எப்படிப் பேசுவது?

"உங்களுக்கு என்ன குறைச்சல்?", "மத்தவங்களப் பாருங்க" என்ற வார்த்தைகள் நல்லெண்ணத்தில் சொல்லப்பட்டாலும் வாயை அடைத்துவிடும். "கொஞ்ச நாளா நீங்க சரியாப் பேசுறதில்ல, எனக்குக் கவலையா இருக்கு. என்னாச்சுப்பா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பது பலன் தரும். உடனே அறிவுரை வேண்டாம்.

"வாழவே பிடிக்கல" என்பது போன்ற பேச்சு வந்தால், தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் தூண்டப்படாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவரைத் தனியாக விடக் கூடாது. வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் உடனே அப்புறப்படுத்த வேண்டும்.

கவுன்சலிங்கில் என்ன நடக்கும்?

பலர் பயப்படுவது போல ஊசியோ ஷாக்கோ இல்லை. ஆலோசகர் உட்கார வைத்துப் பேசுவார், பெரும்பாலும் கேட்பார். எது மனதை அழுத்துகிறது, அதில் எதை இப்போது சமாளிக்கலாம் என்று பிரித்துப் பார்க்க உதவுவார். தேவைப்பட்டால் குடும்பத்தினரையும் சேர்த்து அமர வைப்பார். பொதுவாக ஒரே சந்திப்பில் எல்லாம் தீர்ந்துவிடாது. மாத்திரை வேண்டுமா என்பதை மனநல மருத்துவர்தான் முடிவு செய்வார். கவனித்துக்கொள்ளும் அம்மாவும் களைத்துப் போயிருப்பார். அவருக்காகவும் ஆலோசனை கேட்கலாம்.

எங்கே போவது?

போன் போதும் என்றால் 14416. மத்திய அரசின் 'டெலி மானஸ்' திட்டம் 2022 அக்டோபர் 10-ல் தொடங்கியது. தமிழ்நாட்டில் இது 'நட்புடன் உங்களோடு மனநல சேவை'. 24 மணி நேரமும், கட்டணம் இல்லாமல், தமிழிலேயே பேசலாம். 104 எண்ணையும் அழைக்கலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 108.

நேரில் போக, விழுப்புரத்தை ஒட்டிய முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டக் குழுவினர் வட்டார அளவிலான அரசு மருத்துவமனைகளுக்கும் வந்து பார்ப்பது வழக்கம். எந்தக் கிழமை, எங்கே என்பதை அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுக்கொள்ளலாம். மனநலச் சிகிச்சை பெறுவதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் ஒவ்வொருவரின் உரிமையாக ஆக்கியிருக்கிறது. அதனால் கூச்சம் தேவையில்லை.

தினமும் செய்யக்கூடியவை

மழை விட்ட காலையில் அரை மணி நேரம் வெளிச்சத்தில் நடப்பது, தினமும் ஒரே நேரத்தில் தூங்கி எழுவது, டீக்கடை வரையாவது போய் நாலு பேரிடம் பேசிவிட்டு வருவது, குடியைத் தவிர்ப்பது. 'மனசு சரியான பிறகு போகலாம்' என்று காத்திருக்காமல், சின்னதாக ஒரு வேலையைத் தொடங்குவது மனதை மெல்ல மீட்கும். இவை சிகிச்சைக்குத் துணை மட்டுமே, மாற்று அல்ல.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளாலும் செய்ய முடிவது இருக்கிறது. அடுத்த ஞாயிறு "சாப்டீங்களா" என்பதோடு நிறுத்தாமல், "நேத்து தூங்கினீங்களாப்பா?" என்று இன்னொரு கேள்வி கேட்கலாம். பதில் சரியாக இல்லை என்றால், அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போய் கூடவே மருத்துவமனைக்குச் செல்லலாம். தனியாகப் போகத் தயங்குகிறவருக்கு, பிள்ளை கூட வருவதே பாதி தைரியம்.